நான் இருந்த நிறம்

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று காலை ஸ்டூடியோ வாசலில் இருக்கும் வருகைப்பதிவு இயந்திரம் என்னைத் தெரியாது என்று சொல்லிவிட்டது. முகத்தைக் காட்டினால் பச்சை விளக்கு எரிந்து கதவு திறக்க வேண்டும். எனக்குச் சிவப்பு. கண்ணாடியைக் கழற்றினேன், சிவப்பு. முன்முடியை ஒதுக்கினேன், சிவப்பு. பின்னால் நின்றவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றுகொண்டேன். ஒவ்வொருவராகப் பச்சை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.

முதலாளி வந்து தன் முகத்தைக் காட்டிக் கதவைத் திறந்துவிட்டார். "கிரீம் போட்டுக்கலையாம்மா இன்னைக்கு?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்கு அவரே கூசிப்போய்ச் சட்டைப் பையில் எதையோ தேடினார். நல்ல மனிதர். "தீர்ந்துபோச்சு சார்" என்றேன். உண்மைதான். போன வாரம் திறந்த ட்யூப் அதற்குள் எப்படிக் காலியாகும்? புரியவில்லை.

நாலு வருடம் ஆகிறது. உதட்டோரத்தில் ஆரம்பித்து, கண்ணைச் சுற்றி, நெற்றியில் பாதி, பிறகு விரல் நுனிகள், முழங்கை. வெண்புள்ளி. வலி கிடையாது, அரிப்பு கிடையாது, யாருக்கும் ஒட்டாது. நிறம் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போகிறது. அதை மறைக்கத்தான் தோல் நிறத்தில் அந்தக் கிரீம். பழகிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

கோபம் வரவில்லை. ஒரு குறுகுறுப்புதான். அந்த இயந்திரம் இவ்வளவு நாள் யாரை உள்ளே விட்டுக்கொண்டிருந்தது? என்னையா, கிரீமையா?

பிப்ரவரி 12, புதன்

என் வேலை முகங்கள். கல்யாண ஆல்பம், பள்ளிக்கூடக் குழுப் படம், அடையாள அட்டைப் படம் எல்லாம் என் கணினி வழியாகத்தான் போகும். பரு எடுப்பேன், கண்ணுக்குக் கீழே கருமையை எடுப்பேன், வழுக்கையில் விழுந்த வெளிச்சத்தை எடுப்பேன். எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்று. "கொஞ்சம் கலராக்கிக் குடுங்க." நிறமில்லாமல் ஆவதற்குப் பெயர் கலர்! அப்படிப் பார்த்தால் இந்த ஊரிலேயே வேகமாகக் கலராகிக்கொண்டிருப்பது நான்தான்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் பாஸ்போர்ட் படம் எடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்து நானே என்னை எடுத்தேன். கிரீம் இல்லாமல். கணினியில் திறந்தேன். வாடிக்கையாளருக்குச் செய்வதுபோல வெள்ளையை எல்லாம் என் பழைய நிறத்தால் நிரப்பிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அதற்கு ஒரு மாதிரி வேண்டுமே. கழுத்திலிருந்து எடுத்தால் அது வெயில்பட்ட கழுத்து. கன்னத்தில் மீந்திருக்கும் துண்டு, பக்கத்தில் வெள்ளை இருப்பதால் கறுத்துத் தெரிகிறது. பழைய படங்களைத் திறந்தேன். ஒன்றில் செங்கல், ஒன்றில் தேன், ஒன்றில் சாம்பல். எல்லாம் விளக்கு செய்த வேலை.

எத்தனையோ பேர் நிறம் எனக்கு அத்துப்படி. என் நிறம் எனக்குத் தெரியவில்லை. இது என்ன கூத்து?

பிப்ரவரி 16, ஞாயிறு

பரண் மேலிருந்து அக்ரிலிக் டப்பாக்களை இறக்கினேன். பாதி காய்ந்து கல்லாகியிருந்தது. கல்லூரியில் ஓவியம் படித்தவள் என்பது வீட்டில் ஒருவருக்கும் ஞாபகமில்லை, எனக்கும் சேர்த்து.

அந்தப் படத்தை வழவழப்பு இல்லாத தாளில் பெரிதாக அச்சிட்டு வந்திருந்தேன். சாப்பாட்டு மேசையில் விரித்து இவரைக் கூப்பிட்டேன். லிஃப்ட் பழுதுபார்ப்பவர், நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ்.

"வெள்ளையா இருக்கற இடத்துல எல்லாம் நான் முன்ன இருந்த கலரப் பூசுங்க. பாத்து ஞாபகம் பண்ணிக் கலக்கணும்."

"விளையாடறியா?"

"இல்லங்க, நிஜமாத்தான்."

தூரிகையை ஸ்பானர் மாதிரிப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். பிறகு, "காலைல ஒரு கலர்ல இருப்ப. சாயங்காலம் வேலைவிட்டு வந்தா வேற. கோவம் வந்தா இன்னொண்ணு. நீ எதக் கேக்கற?" என்றார்.

"எது முதல்ல வருதோ அது."

மூன்று கலந்தார். நெற்றிக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று, வாயோரத்துக்கு ஒன்று. வாயோரத்தில் செம்மை கூடுதல். அது கோபத்தின் நிறமாம். சிரித்துக்கொண்டே இருந்தவள், அவர் கைகழுவப் போனதும் படத்தைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இருபத்துமூன்று வருடம் இந்த மனிதர் என்னை இப்படியா பார்த்துக்கொண்டிருந்தார்? கேட்டிருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கமாட்டார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

அக்கா வந்தாள். கிரீம் இரண்டு ட்யூப், ஒரு எண்ணெய், யாரோ ஒரு வைத்தியரின் தொலைபேசி எண், எல்லாம் வாங்கி வந்திருந்தாள். "உனக்காக இல்லடி, உன் பொண்ணுக்கு நாளைக்கு ஒரு நல்லது நடக்க வேண்டாமா? அம்மாவப் பாத்துட்டு ஆயிரம் கேள்வி கேப்பாங்க." வழக்கமான பாட்டு. நான் அதே படத்தின் இன்னொரு பிரதியையும் தூரிகையையும் கையில் கொடுத்தேன்.

முதலில் முறைத்தாள். அப்புறம் நாக்கைத் துருத்திக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்துவிட்டாள். கலந்து முடித்ததும் பார்த்தேன். அவள் கையைவிடச் சரியாக ஒரு படி கறுப்பு. "நான் உன்னவிடக் கறுப்பா?" என்றேன். "எப்பவுமே!" என்றாள், யோசிக்கக்கூட இல்லை. எங்கள் இரண்டு பேர் முழங்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். என்னுடையதில் பாதி வெள்ளை. மீதிப் பாதி, அவள் நிறமேதான். "விளக்கு சரியில்ல" என்று கையை இழுத்துக்கொண்டாள்.

மார்ச் 2, ஞாயிறு

ஒட்டகத்தைப் பார்க்கப் போனேன். கல்லூரித் தோழி. வகுப்பிலேயே உயரம் என்பதால் அந்தப் பெயர், இன்றைக்கும் அவளே தொலைபேசியில் "நான் ஒட்டகம் பேசறேன்" என்பாள். படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறாள். மாடியில் ஒரு நீள அறை, வெள்ளைச் சுவர். பிடித்தவர்களின் படங்களை அங்கே மாட்டுவாள்.

இரண்டு முகப் படங்களையும் பார்த்தாள். பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பது பெரிய விஷயம். "இது தாள் மேல பூசினது. படமும் பெயின்ட்டும் தனித்தனியா நிக்குது. ரெண்டும் ஒண்ணாகணும்னா இப்படிப் பண்ணு" என்று காட்டிக்கொடுத்தாள்.

பலகையில் பசையைத் தடவி, அச்சிட்ட படத்தைக் குப்புறப் போட்டு ஒட்ட வேண்டும். நன்றாகக் காய்ந்த பின் தாளின் முதுகை ஈரத் துணியால் நனைத்து விரலால் தேய்க்க வேண்டும். தாள் திரிதிரியாக உருண்டு வரும். தேய்க்கத் தேய்க்கக் கீழே பசையில் பதிந்த படம் மட்டும் மிஞ்சும். மைதான் மிஞ்சுகிறது, தாள் இல்லை. அதன் மேல் வண்ணம் வைத்தால் தோல் மாதிரி உள்வாங்கும்.

ஒரு வேடிக்கை, படம் இடவலமாகத் திரும்பிவிடுகிறது. அதாவது கண்ணாடியில் நான் பார்க்கும் நான். கேமரா எடுத்தது மற்றவர்கள் பார்க்கும் நான். அவளை எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை.

மார்ச் 6, வியாழன்

விரல் நுனி எல்லாம் தேய்ந்து எரிகிறது. மிளகாய் நறுக்கக்கூட முடியவில்லை. ஆனால் நிறுத்த மனம் வரவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஓரிடத்தில் அதிகமாகத் தேய்த்துவிட்டேன். தாளோடு மையும் வந்து கன்னத்தில் வெள்ளை விழுந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு தள்ளிவைத்தேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால், எது என் தோலின் வெள்ளை, எது என் விரல் செய்த வெள்ளை என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. ஓரங்கள் ஒரே மாதிரி இருக்கின்றன. அதே மாதிரி நுழைந்து, வளைந்து, தீவுத் தீவாக.

இனி முகம் வேண்டாம், ஓரம் மட்டும் போதும் என்று தோன்றியது. கேமராவைக் கிட்டத்தில் வைத்து முழங்கையை எடுத்தேன். பழுப்பு முடிந்து வெள்ளை தொடங்கும் கோடு. பெரிதாக்கினால் கடற்கரை. விரல் கணுக்களை எடுத்தேன், காய்ந்த ஏரி. இவர் பார்த்துவிட்டு, "எந்த ஊரு மேப்பு?" என்றார். "உங்க வீட்டுக்காரி" என்றேன்.

மகளிடமும் முகப் படத்தைக் கொடுத்தேன். பிசியோதெரபி கடைசி வருடம், இருபத்தொரு வயது. வீட்டுக்குள்ளேயும் காலுறை போட்டுக்கொண்டு திரிகிறாள், கேட்டால் தரை சில்லென்று இருக்கிறதாம். முதலில் "எனக்கு ஞாபகம் இல்ல" என்று ஒதுக்கிவிட்டாள். கெஞ்சினேன். சட்டென்று உட்கார்ந்து, தன் முன்கையைப் பார்த்துப் பார்த்துக் கலந்து, மளமளவென்று பூசிவிட்டு எழுந்தாள்.

"இது ஞாபகம் இல்லையே பாப்பா, காப்பியடிச்சது" என்றேன்.

"எல்லாரும் நான் அச்சு அசல் நீதான்னு சொல்றாங்கல்ல? அப்ப சரியாத்தான் இருக்கும்."

சிரிக்காமல் சொன்னாள். ஏன் சிரிக்கவில்லை?

மார்ச் 20, வியாழன்

ஒட்டகம் மே மாதம் மாடி அறையை எனக்கென்று ஒதுக்கிவிட்டாள். கேட்கவே இல்லை, சொன்னாள். பயமாகவும் இருக்கிறது, பறப்பது போலவும் இருக்கிறது.

ஏப்ரல் 5, சனி

எழுதலாமா வேண்டாமா தெரியவில்லை. எழுதுகிறேன்.

மகள் மழையில் நனைந்து வந்தாள். வாசலிலேயே காலுறையைக் கழற்றிப் பிழிந்தாள். நான் துண்டை எடுத்துக்கொண்டு போனேன். இடது கணுக்காலில், எலும்பு மேட்டின் மேல், ஒரு வெள்ளை. அதைச் சுற்றி என் கிரீம் கரைந்து பழுப்பாக வழிந்துகொண்டிருந்தது.

ட்யூப் ஏன் சீக்கிரம் தீர்ந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

"எப்பத்திலேர்ந்து?"

"தீபா— அத விடும்மா. ரொம்ப நாளா."

இல்லை, இதுகூடச் சரியாக நினைவில்லை, அவள் என்ன சொன்னாள் என்று. ஏதோ ஒரு தோழியின் பெயரைச் சொல்ல வந்து நிறுத்தினாள், அவள்தான் முதலில் பார்த்தாளாம். என் காதில் எதுவும் விழவில்லை. நான் செய்தது என்ன? குனிந்து அதைப் பார்த்தேன். அம்மாவாகப் பார்த்தேனா, ஒரு மாதமாக ஓரங்களையே பார்த்துப் பழகிய கண்ணால் பார்த்தேனா? தெரியாது. அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"பாக்காத! அப்படிப் பாக்காத. உனக்கு இது படம். எனக்கு இது என் காலு."

"இல்லடா—"

"என்ன இல்ல? எல்லாரும் நீ உங்கம்மா மாதிரியே இருக்கன்னு சொல்லும்போது எனக்கு எப்படி இருக்கும்னு ஒரு தடவ யோசிச்சியா? நாளைக்கு நான் எப்படி இருப்பேன்னு காலைல எழுந்ததும் எதிர்ல வந்து நிக்கற. இப்ப அத பெருசா அடிச்சு செவுத்துல மாட்டப் போற. நான் மனுஷங்கள தொட்டு வேலை செய்யணும்மா. இந்தக் கை என் கையில வந்தா, யாரு தொட விடுவாங்க?"

இந்தக் கை என்று என் கையைக் காட்டினாள்.

கதவைச் சாத்திக்கொண்டாள். இவர் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து என்னென்னவோ பேசினார், பழுதான லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவரிடம் பேசுகிற மாதிரி, மெதுவாக, சம்பந்தா சம்பந்தமில்லாமல். கடைசியில் திறந்தாள். அவருக்குத்தான் திறந்தாள்.

நான் என்னடி பண்ணுவேன்? உனக்கு நான் வேணும்னா குடுத்தேன்?

ஏப்ரல் 6, ஞாயிறு

ஒன்றும் வரையவில்லை. பேசவும் இல்லை.

ஏப்ரல் 7, திங்கள்

ஒட்டகத்திடம் முகங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரே முகத்தை மூன்று பேர் மூன்று நிறத்தில் நிரப்பிய அந்த வரிசைதான் காட்சிக்கே உயிர் என்று குதித்தாள். "உசுரு என் பொண்ணுக்கிட்ட இருக்கு, உன் செவுத்துல இல்ல" என்றேன். அவள் பட்டியலிலிருந்து முகங்களை அடித்துவிட்டாள். ஓரங்கள் மட்டும் மாட்டலாம். என்ன படம் என்று எழுதிவைக்க மாட்டோம். பெயரும் இல்லை. யாருடைய தோல் என்று எவருக்கும் தெரியாது.

வீட்டில் மகளிடம் சொன்னேன். "எனக்காக ஒண்ணும் எடுக்க வேண்டாம்" என்றாள். ஆனால் தோள் தளர்ந்தது. பார்த்தேன்.

ஏப்ரல் 19, சனி

தோல் மருத்துவரிடம் மகளை அழைத்துப் போனேன். கூட வரக்கூடாது என்று சொல்லிவிட்டு, வாசலில் போய், "சரி வா" என்றாள்.

மருத்துவர் கணுக்காலை விளக்கில் பார்த்தார். வெளிச்ச சிகிச்சை கொடுக்கலாம், வாரத்துக்கு மூன்று முறை வரவேண்டும் என்றார். முகத்தில் வந்தால் சீக்கிரம் நிறம் திரும்பும், கால் கை விரல் பக்கமெல்லாம் கொஞ்சம் அடம்பிடிக்கும், பரவுமா நிற்குமா என்று இப்போதே யாராலும் சொல்ல முடியாது. பொய் சொல்லாத மருத்துவர். மகளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

"உங்கம்மா ஏன் எடுத்துக்கல?" என்று கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். இரண்டு வருடம் எடுத்துக்கொண்டேன், சில இடத்தில் வந்தது, சில இடத்தில் வரவில்லை, ஒருநாள் போதும் என்று தோன்றியது, நிறுத்திவிட்டேன் என்றேன். இதை நான் அவளிடம் சொன்னதே இல்லை. வேலைக்கு நடுவே மருத்துவமனைக்குப் போய்வந்ததெல்லாம் பல் வலி என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

பேருந்தில் வரும்போது, "அவ்ளோ பல்லுக்கு நீ முதலையா இருந்திருக்கணும்" என்றாள். பதினைந்து நாளுக்குப் பிறகு ஒரு கேலி. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மே 10, சனி

மாட்டியாயிற்று. பதினோரு பலகைகள். ஒட்டகம் மூலைக்கு மூலை நூல் பிடித்து, மட்டம் பார்த்து, என்னை ஆணி மட்டும் எடுத்துக் கொடுக்கச் சொன்னாள்.

வந்தவர்கள் சொன்னது: மேகம். விமானத்திலிருந்து பார்த்த நிலம். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். பால் கொட்டிய மேசை. ஒரு அம்மாள், "கரையான் அரிச்ச பலகை மாதிரி இருக்கு, ஆனா அழகா இருக்கு" என்றார். நான் முழுக்கைச் சட்டையும் முகத்தில் கிரீமுமாக மூலையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். யாரும் சரியாகச் சொல்லிவிடக்கூடாதே என்று பயந்தேன். யாராவது சொல்ல மாட்டார்களா என்றும் இருந்தது.

அக்கா வந்தாள். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு முழங்கையின் முன்னால் நின்றாள். என் காதுக்கு அருகே வந்து, "நம்ம ரெண்டு பேரும் ஒரே கலர்தான்டி" என்றாள். அவ்வளவுதான். பிறகு காபி எங்கே என்று கேட்டாள்.

மே 17, சனி

இன்று நடந்ததை விடாமல் எழுத வேண்டும்.

மாலையில் கூட்டமில்லை. மகள் என்னை அழைத்துப்போக வந்திருந்தாள், சிகிச்சை முடிந்து நேராக. படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்று தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், படங்களை அல்ல. கீழே கடைக்குக் கண்ணாடி இறக்க வந்தவர் தண்ணீர் குடிக்க மேலே வந்தார். ஐம்பது வயது இருக்கும், கையில் தடிமனான தோல் உறை. குடித்துக்கொண்டே சுவரைப் பார்த்தவர், சொம்பைக் கீழே வைத்தார்.

"இது என் முதுகு மாதிரி இருக்கே" என்றார்.

மகள் தலை தூக்கினாள்.

"முதுகுலயா?" என்றாள் அவள்.

"ஆமாம்மா. வெள்ளை வெள்ளையா. கல்யாணத்துக்கு அப்புறம் வந்துச்சு. நான் பாத்ததில்ல, முதுகாச்சே! வீட்டுக்காரி சொல்லித்தான் தெரியும். இடுப்புக்கு மேல யானை மாதிரி ஒண்ணு இருக்குதாம். தும்பிக்கையோட. பசங்க சின்ன வயசுல யானை தாத்தா வீட்டுக்குப் போச்சு, யானை குளிக்குதுன்னு வெரலால ஓட்டி வெளையாடுவாங்க."

"வேலை செய்யற எடத்துல யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்களா?" மகளின் குரல் வேறு மாதிரி இருந்தது.

"சொல்வாங்க. சட்டை போட்டா தெரியாது, கழட்டினா சொல்வாங்க. கண்ணாடி தூக்கறப்ப எவனும் முதுகப் பாக்கறதில்ல, எங்க தன் மேல விழுந்துடுமோன்னு கண்ணாடியத்தான் பாப்பான்."

சிரித்தோம். அவர் படத்துக்கு இன்னும் கிட்டே போனார். "இது எதும்மா? மனுஷத் தோலுதானே?"

நான் மகளைப் பார்க்கவில்லை. பார்த்தால் அனுமதி கேட்பதுபோல ஆகிவிடும்.

மகள்தான் சொன்னாள். "எங்கம்மாவோட முழங்கை."

அவர் என் பக்கம் திரும்பினார். நான் சட்டைக் கையை மேலே ஏற்றிக் காட்டினேன். முழங்கையையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், புதிருக்கு விடை கிடைத்தவர் மாதிரி. அப்புறம் கொஞ்சம் தயங்கி, "என் முதுகயும் ஒரு போட்டோ எடுத்துக் காட்டுவீங்களா? அந்த யானைய நான் பாத்ததே இல்ல" என்றார்.

கேமரா பையில்தான் இருந்தது. ஜன்னல் பக்கமாக நிற்கச் சொன்னேன். வெளிச்சம் ஒரு பக்கம் மட்டும் விழுந்து மறுபக்கம் இருட்டாக இருந்தது. ஏதாவது வெள்ளை அட்டை வேண்டும் என்று முணுமுணுத்தேன். திரும்பிப் பார்த்தால் மகள் ஒட்டகத்தின் பெரிய அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"தோள கொஞ்சம் தளத்துங்க. மூச்ச விடுங்க. ஆங், அப்படியே" என்று அவரிடம் சொல்லி, ஒரு கையால் அவர் தோளைப் பிடித்துச் சரியாகத் திருப்பிவிட்டாள். அவளுடைய தொழில் குரல். எனக்கு அது புதிது.

திரையில் காட்டினோம். நன்றாகப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார்.

"யானை இல்லையே இது."

"இல்லதான்" என்றாள் மகள். "டீ கெட்டில் மாதிரி இருக்கு."

"இருபது வருஷமா யானைன்னு சொல்லி ஏமாத்தியிருக்கா!" என்று அவர் சிரித்த சிரிப்பில் கீழே கடையிலிருந்து ஒட்டகம் ஏறி வந்துவிட்டாள்.

வீடு திரும்பும்போது மகள் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஆனால் அந்தப் பேசாமை இந்த ஒன்றரை மாதப் பேசாமை இல்லை.

ஜூன் 1, ஞாயிறு

கண்ணாடிக்காரரின் முதுகைப் பலகையில் இறக்கிக்கொண்டிருக்கிறேன். தாளைத் தேய்க்கிற வேலையை மகள் செய்தாள். தசையை நீவுகிற விரல்கள், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிகிறது. என்னைவிட நன்றாகவே வருகிறது. நடுவில், "நான் கலந்தது, பெரியம்மா கலந்தது, அப்பா கலந்தது, எல்லாம் எங்க?" என்றாள். பீரோ மேல் இருக்கிறது என்றேன். எடுத்துப் பார்த்தாள்.

"நீ கலக்கவே இல்லையே? உன்னோடது எங்க?"

உண்மைதான். எல்லோரையும் கேட்டேன், நான் கலக்கவில்லை. நாலாவது பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். பழைய நிறம் வரவில்லை. கடைசியில் வெள்ளையை அப்படியே விட்டுவிட்டு, அதன் ஓரத்தில் மட்டும் ஒரு மெல்லிய நீலம் ஓட்டினேன். ஏன் நீலம்? தெரியாது. பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது.

ஆகஸ்ட் 14, வியாழன்

மகளின் கணுக்கால் வெள்ளைக்கு நடுவே ஊசிமுனை அளவில் பழுப்புப் புள்ளிகள். அவளே பூதக்கண்ணாடி கொண்டுவந்து காட்டினாள். அதே வாரம் வலது கண் இமையில் புதிதாக ஒரு கீற்று. ஒரு பக்கம் வருகிறது, ஒரு பக்கம் போகிறது. இரவு சாப்பிடும்போது அழுதாள். இவர் தட்டில் இருந்த முட்டையை அவள் தட்டில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சாப்பிட்டாள்.

நான் எதுவும் சமாதானம் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்திருந்தால் எனக்கே சொல்லிக்கொண்டிருப்பேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

இமையில் சிகிச்சை கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு நின்றால் கொடுக்கலாமாம். "பரீட்சை முடியட்டும், பாக்கலாம்" என்று அவளே சொல்லிவிட்டாள். கிரீமும் சில நாள் போடுவதில்லை, சில நாள் போடுகிறாள். நானும் அப்படித்தான். எந்த நாள் போடுகிறோம், எந்த நாள் இல்லை என்பதற்கு எங்கள் இருவரிடமும் எந்த நியாயமும் இல்லை.

நவம்பர் 4, செவ்வாய்

மகளுக்கு ஒரு மருத்துவமனையில் நேர்காணல். விண்ணப்பத்துக்குப் படம் வேண்டும். ஸ்டூடியோவுக்கே வந்தாள், கிரீம் இல்லாமல். பாஸ்போர்ட் நாற்காலியில் உட்காரவைத்து எடுத்தேன். பிறகு என் கணினி முன்னால் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். திரை முழுக்க அவள் முகம். வலது இமையில் அந்த வெள்ளை, ஆகஸ்டில் பார்த்ததைவிடச் சற்று நீளமாக, இமை முடி இரண்டும் வெளுத்து.

எத்தனையோ முகத்துக்குச் செய்த வேலை. ஒரு நிமிடம்கூட ஆகாது. மவுஸில் கையை வைத்துக்கொண்டு கேட்டேன், எல்லா வாடிக்கையாளரையும் கேட்கிற அதே கேள்வியை, அதே குரலில். அந்தக் குரல் வர ரொம்பக் கஷ்டப்பட்டேன்.

"ஏதாவது எடுக்கணுமா?"

முன்னால் சாய்ந்து பார்த்தாள். பெரிதாக்கச் சொன்னாள். இன்னும் பெரிதாக்கச் சொன்னாள். வெள்ளையின் ஓரம் திரையில் கரைபோல ஓடியது. விரலை வைத்து அதன் மேலேயே ஒரு தடவை போய்வந்தாள். பிறகு சின்னதாக்கச் சொல்லிவிட்டு, பின்னால் சாய்ந்தாள்.

"கண்ணு ரெண்டும் தூங்கி வழியுதும்மா. இப்படி இருந்தா எவன் வேலை குடுப்பான்? அத மட்டும் சரி பண்ணு."

அதற்கு என்னிடம் கருவி இல்லை என்றேன். முகம் கழுவி வரச் சொன்னேன். இன்னொரு படம் எடுத்தோம்.